வெளிவந்தவை

டமார் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி வீட்டுக்குள் வானம் தெரிந்தது.

கல்யாணசுந்தரி அண்ணாந்து பார்த்தாள். சற்று முன்புவரை தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கறுத்த வானமும், பக்கத்து வீட்டுத் தென்னையின் பாதியும் இருந்தன. மரத்தின் தலை சரியாகச் சாமி அலமாரியின் மேல் வந்து விழுந்திருந்தது. மழை யாரையும் கேட்காமல் உள்ளே வந்தது.

"கட்டிலுக்கு அடியில போ சுந்தரி! இன்னொரு ஷீட்டும் ஆடுது பாரு!" என்று கத்தினான் நடராஜ். அவள் கணவன், பஸ் டெப்போவில் ஃபிட்டர்.

கல்யாணசுந்தரி கட்டில் பக்கம் போகவில்லை. தென்னை மட்டைகளை விலக்கிக்கொண்டு அலமாரி மூலைக்கு ஊர்ந்தாள்.

"சாமி படத்த அப்புறம் எடுத்துக்கலாம், வா இப்பிடி!"

"சாமி தன்னப் பாத்துக்கும். படத்துக்குப் பின்னாடி என் கதை இருக்குங்க!"

நடராஜ் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய நேரத்தில் இரண்டாவது ஷீட்டும் இறங்கியது.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி, காலை ஏழு மணி. 'தானே' என்று பெயர் வைத்துக்கொண்ட புயல் கடலூருக்குள் நுழைந்த வேளை. புதுப்பாளையத்தில் அந்தத் தெருவில் மட்டும் ஏழு வீடுகளுக்குக் கூரை இல்லாமல் போனது. காற்று அடங்கி வெளியே வந்தவர்கள் மரங்களை எண்ணினார்கள், ஆடுகளைத் தேடினார்கள். கல்யாணசுந்தரி மட்டையை வெட்டச் சொல்லி அலமாரியைத் தேடினாள்.

முருகன் படத்தின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் செருகி வைத்திருந்த நான்கு பக்கங்களும் இருந்தன. ஆனால் கவர் கிழிந்து இரண்டு மணி நேரம் மழை குடித்திருந்தன. அவள் விரலால் தூக்கியபோது காகிதம் குழைந்த சோறு மாதிரி கையோடு வந்தது. எழுத்தெல்லாம் கரைந்து ஒரே சாம்பல் நிறம். மூலையில் மட்டும் பெரிய எழுத்தில் 'ஒற்' என்று இரண்டு எழுத்து பிழைத்திருந்தது.

கதையின் பெயர் 'ஒற்றை மாத்திரை'.

அதை அவள் எழுதியது ஆறு வருடங்களுக்கு முன்பு. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. தினமும் சாயங்காலம் ஒரு ஆள் வந்து தன் அம்மாவுக்காக ஒரே ஒரு மாத்திரை வாங்கிப் போவான். அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுப்பாள். ஒருநாள் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கத்தரித்து வைத்த மாத்திரையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் டிராயருக்குள் வைத்திருந்தாள். அவ்வளவுதான் கதை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் சின்ன நோட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'தேன்திவலை' வார இதழுக்கு அனுப்பினாள். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றுகூட அப்போது தெரியாது. 2006 செப்டம்பரில் படத்தோடு அச்சாகி வந்தது.

ஐந்து பிரதி வாங்கினாள். ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் போனது. மற்றவை உறவுக்காரர்களுக்குப் போய், அங்கிருந்து அலமாரித் தட்டுகளுக்கும், பிறகு பழைய பேப்பர்காரனுக்கும் போய்ச் சேர்ந்தன. 'தேன்திவலை' மூன்று வருடத்தில் நின்றுபோனது. அதன் அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

ஆக, உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த நான்கு பக்கம். அதுவும் இன்று காலை ஏழு மணி வரைக்கும்.

"போனா போவுது சுந்தரி, இன்னொண்ணு எழுதிக்க" என்றான் நடராஜ், தார்ப்பாயைக் கட்டிக்கொண்டே.

"உங்களுக்குத் தெரியாதுங்க. பட்டறைக்கு அந்தப் பக்கத்தக் கொண்டாரணும்னு மடல்ல போட்டிருக்கு."

"பட்டறைன்னா எங்க டெப்போல ஒண்ணு இருக்கு. அதுல இரும்ப அடிப்போம். உங்க பட்டறையில என்னாத்த அடிப்பீங்க?"

"கதை."

"அப்ப பொகை ஜாஸ்தி வரும்."

சாதாரண நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

மடல் என்பது கெடிலக்கரை எழுத்தாளர் வட்டம் தன் உறுப்பினர்களுக்கு மாதாமாதம் தபாலில் அனுப்பும் ஒற்றைத் தாள். இரண்டு பக்கமும் ஜெராக்ஸ். முன்பக்கம் வட்டத்தின் செய்தி: யார் மகளுக்குக் கல்யாணம், அடுத்த கூட்டம் எங்கே, பட்டறை என்றைக்கு. பின்பக்கம் முழுக்க ஒரே ஒரு பத்தி. அதற்குத் தலைப்பு 'வெளிவந்தவை'. எந்த உறுப்பினரின் எந்தக் கதை எந்தப் பத்திரிகையில் அச்சானது என்ற விவரம். கதை வெளியானால் செயலாளருக்கு ஒரு கார்டு போட வேண்டும். அவர் மடலில் போட்டுவிடுவார். இதுதான் ஏற்பாடு.

செயலாளர் செந்தமிழ்செல்வனுக்கு நாற்பது வயது இருக்கும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன். விற்கிறவர், வாங்குகிறவர், சாட்சி என்று எல்லாருக்கும் அவனே எழுதிவிடுவான். அவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும். கையெழுத்து அழகு. மடலையும் அவனே கையால் எழுதித்தான் ஜெராக்ஸ் எடுப்பான்.

கல்யாணசுந்தரியை எழுத வைத்ததே அந்தப் பின்பக்கம்தான். வட்டத்தில் சேர்ந்த புதிதில் அதைப் படித்துவிட்டு, 'கிள்ளையில் ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிற சுப்புராயன் எழுதி அச்சாகும்போது நம்முடையது ஆகாதா' என்று நினைத்தாள். ஆனது. கார்டு போட்டாள். அடுத்த கூட்டத்தில் ஒரு ஜெராக்ஸையும் செயலாளர் கையில் கொடுத்தாள். அக்டோபர் மடலில் அவள் பெயர் வந்தது. ஐந்து பேருக்கு நடுவில், மூன்றாவதாக.

அவளை எழுதாமல் நிறுத்தியதும் அதே பின்பக்கம்தான்.

அந்த ஒன்றுக்குப் பிறகு அவள் பதினோரு கதைகள் அனுப்பினாள். பதினொன்றும் திரும்பி வந்தன. மடலிலோ மாதம் தவறாமல் ஐந்தாறு பேர் வெளிவந்துகொண்டே இருந்தார்கள். சுப்புராயனுக்குப் பதினாலு. சிதம்பரம் கீழ வீதியில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் தில்லைநாதனுக்கு ஒன்பது. செல்போன் ரீசார்ஜ் கடைக்காரன் சிவபிரசாத்துக்கு வட்டத்தில் சேர்ந்த வருடமே நாலு. 'உப்பங்காற்று', 'மண்மடி', 'அலைவாய் மலர்' என்று பத்திரிகைகளின் பெயர்களும் பெரிய பெரியதாக இருந்தன. ஸ்டேஷன் புத்தகக் கடையில் போய்க் கேட்டாள். "அப்பிடி ஒரு புக்க நான் பாத்ததே இல்லம்மா. சிற்றிதழா இருக்கும். கடைக்கெல்லாம் வராது" என்றார் கடைக்காரர். கடைக்கே வராத பத்திரிகையில் எழுதுகிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்! அவளுக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது. தன்மேல் இருந்தது குறைந்தது.

தன்னுடையது ஏதோ தவறிப்போய் அச்சான கதை என்ற முடிவுக்கு வந்தாள். 2009 பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது திரும்பி வந்த பதினொன்றையும் தண்ணீர் அடுப்பில் வைத்தாள். அதோடு சரி. பேனாவை பில் போட மட்டும்தான் எடுத்தாள்.

மூன்று வருடம் கழித்து டிசம்பர் மடல் இப்படி வந்தது: 'சென்னைப் பதிப்பகம் ஒன்று நம் மாவட்டத்து எழுத்தாளர்களின் அச்சில் வந்த சிறுகதைகளைப் புத்தகமாகக் கொண்டுவர முன்வந்துள்ளது. ஜனவரி 22, ஞாயிறு, சிதம்பரத்தில் சிறுகதைப் பட்டறை. பதிப்பாசிரியர் ஹேமசபேசன் நடத்துகிறார். கதை வெளியான பத்திரிகைப் பக்கத்துடன் வரவும். பக்கம் இல்லாத கதை ஏற்கப்படாது.'

அன்று அவள் சாமி படத்தைத் திருப்பி அந்த நான்கு பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தீர்மானம் செய்தாள். இந்த ஒன்று புத்தகத்துக்குள் போய்விட்டால், தவறிப்போய் வந்தது இல்லை என்று அர்த்தம். மறுபடி எழுதலாம். போகவில்லை என்றால் இனி எப்போதும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. கடையிலிருந்து ஒரு புது நோட்டை மட்டும் எடுத்து வந்து வைத்திருந்தாள். வாயுத் தொல்லை மாத்திரை விளம்பரம் போட்ட நோட்டு.

புயலுக்குப் பிறகு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அவள் தேடாத இடம் இல்லை. நூலகத்தில் பழைய வார இதழ்களை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். லால்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டாள். "அரிசி டின்னுக்கு அடியில போட்டு வெச்சிருந்தேன்க்கா. பூச்சி வந்துதுன்னு தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் தங்கை. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாள். கடைசி வாக்கியம் வரவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் கதை அச்சானது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது வரவில்லை.

ஒரு வழி பாக்கி இருந்தது. செயலாளரிடம் கொடுத்த ஜெராக்ஸ்.

கரண்ட் இல்லை. நடராஜ் டெப்போவில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்த செல்போனில் அவளே கூப்பிடலாம் என்று நினைத்த நேரத்தில் செந்தமிழ்செல்வனே கூப்பிட்டான்.

"அக்கா, வீடெல்லாம் எப்பிடி இருக்கு?"

"ஷீட்டெல்லாம் போச்சு தம்பி. தார்ப்பாய் கட்டியிருக்கோம்."

"அடடா. பட்டறை நிச்சயமா நடக்குதுக்கா. நீங்க வந்துடணும்."

"வரேன் தம்பி. ஆனா பக்கம் இல்லியே. கதை வந்த பக்கம் புயல்ல போச்சு."

அந்த முனையிலிருந்து வந்த குரலில் பெரிய பாரத்தை இறக்கி வைத்த சந்தோஷம் இருந்தது.

"கரெக்ட்டுக்கா! அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். புயல்ல போச்சுன்னே சொல்லிடுங்க."

"நெசமாவே போச்சு தம்பி. சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். தென்ன மரம் வுழுந்து..."

"பிரமாதம்க்கா! சாமி படம், தென்ன மரம், எல்லாத்தையும் சொல்லுங்க. இப்பிடியே, இதே கொரல்ல சொல்லணும்."

எதற்குப் பிரமாதம் என்று அவளுக்குப் புரியவில்லை. "உன்கிட்ட ஒரு ஜெராக்ஸ் குடுத்தேனே தம்பி, ஃபைல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"லைன் சரியில்லக்கா. இன்னும் பத்துப் பேர்கிட்ட பேசணும். நேர்ல பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறினாள். மருந்துக் கடைப் பையில் புது நோட்டும், பேனாவும், சின்ன பிளாஸ்டிக் கவரில் காய்ந்து கட்டியாகிப்போன அந்தக் காகித உருண்டையும் இருந்தன. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மரம் விழுந்த சத்தம். சாமி படம். இரண்டு மணி நேர மழை. கேட்கிறவர் நம்பாமல் இருக்க மாட்டார். ஜெராக்ஸ் கிடைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடி. பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. வந்தவர்கள் பத்துப் பேர். கல்யாணசுந்தரி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். செந்தமிழ்செல்வன் தண்ணீர் பாட்டிலை இங்கே அங்கே நகர்த்திக்கொண்டிருந்தான். அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை.

ஹேமசபேசன் கீழ வீதியில் பிறந்தவர். இருபது வருடமாகச் சென்னையில் பதிப்பகத்தில் இருக்கிறார். கதர்ச் சட்டை, தடித்த கண்ணாடி.

"மூணு வருஷமா உங்க மடல் எனக்கு வருது" என்று ஆரம்பித்தார். "ஒரே மாவட்டத்துல மாசம் அஞ்சு கதை அச்சாகறதுன்னா சாதாரண விஷயமா? எங்க முதலாளிகிட்ட சண்டை போட்டு இந்தப் புத்தகத்துக்குச் சம்மதம் வாங்கியிருக்கேன். பொறந்த ஊருக்கு இதுகூட செய்யலேன்னா எப்படி? சரி, முதல்ல பக்கங்களக் குடுங்க. அதையே வச்சுண்டு பாடத்த ஆரம்பிக்கலாம்."

முதல் வரிசையில் இருந்த கிள்ளை சுப்புராயன் எழுந்தார்.

"சார், நமக்குக் கடலோரம். தானே அடிச்ச அடியில பொட்டியோட போச்சு சார். பதினாலு கதை."

"அய்யய்யோ" என்றார் ஹேமசபேசன். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அடுத்தவருக்கும் புயல். அதற்கு அடுத்தவருக்கும் புயல். நாலாவது ஆளும் "புயல்" என்றபோது யாரோ இருமினார்கள். ஐந்தாவது ஆளுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

தில்லைநாதன் முறை வந்தது.

"சார், எங்க வூட்டுலயும் அந்தப் புயல்ல..."

"மாமா, உங்களுது காங்கிரீட் போட்ட மெத்த வீடாச்சே!" என்றான் பின்னாலிருந்து சிவபிரசாத்.

"மெத்த வீட்டுக்கு சன்னல் கெடையாதா மாப்ள? சன்னல் வழியா வந்துச்சு."

"சன்னல் வழியா வந்து கதைய மட்டும் எடுத்துக்கினு போச்சா? அத்தையோட நகைய வுட்டுடுச்சா?"

மாடி அதிர்ந்தது. சிரிப்பு ஓய்ந்தபோது சிவபிரசாத்தின் முறை.

"எனக்கு... கடை கம்ப்யூட்டர்ல இருந்துச்சு சார். புயல்ல கரண்ட் போச்சா, கதையும் கூடவே..."

"நீ உக்காரு மாப்ள, நீ உக்காரு!" என்றார் தில்லைநாதன் கையைத் தட்டிக்கொண்டு.

ஹேமசபேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

"இந்தப் புயல் நல்ல வாசகர் போலிருக்கு. வேற எதையும் தொடல. அச்சுல வந்த கதையாப் பொறுக்கிப் படிச்சுட்டுப் போயிருக்கு."

மறுபடி சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை சத்தம் குறைவாக இருந்தது.

ஒன்பது பேர் முடிந்தார்கள். கல்யாணசுந்தரி மட்டும் பாக்கி. பஸ்ஸில் வரும்போது அவள் சேர்த்து வைத்திருந்த சொற்கள் ஒன்றுகூட மிச்சம் இல்லை. புயல், மழை, பெட்டி, கூரை என்று எல்லாவற்றையும் அவளுக்கு முன்னாலேயே எடுத்துச் செலவழித்துவிட்டார்கள். எழுந்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுது நெசமாவே புயல்ல போச்சு சார்."

அந்த 'நெசமாவே'தான் தப்பாகிவிட்டது. அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வெடித்துவிட்டார்கள். சுப்புராயன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேலி செய்ய வேண்டும் என்று யாரும் சிரிக்கவில்லை. தங்களில் ஒருத்தி இத்தனை சாமர்த்தியமாகச் சொல்கிறாளே என்ற சந்தோஷச் சிரிப்பு அது. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

பிளாஸ்டிக் கவரைப் பிரித்து உருண்டையை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"என்னம்மா இது?"

"கதை சார். ஒற்றை மாத்திரை. இதோ பாருங்க, 'ஒற்' தெரியுது."

ஹேமசபேசன் அதை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய மனிதர், அவர் சிரிக்கவில்லை.

"காகிதம்னு தெரியறதும்மா. கதைன்னு எப்படிச் சொல்றது? எந்தப் பத்திரிகை?"

"தேன்திவலை. இப்ப வர்றதில்ல."

"ஆமா, எந்தப் பத்திரிகையும் இப்ப வர்றதில்லதான்."

"மடல்ல போட்டிருக்குங்க சார். 2006 அக்டோபர். செயலாளர்கிட்ட ஜெராக்ஸும் குடுத்திருக்கேன். தம்பி, சொல்லு!"

எல்லாரும் செந்தமிழ்செல்வனைப் பார்த்தார்கள். அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினான்.

"வட்டத்து ஃபைலும்... நனஞ்சு போச்சு சார்."

"மடல்ல எல்லார் பேரும்தானே இருக்கு" என்றார் ஹேமசபேசன் மெதுவாக. உருண்டையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். உடையாமல், பத்திரமாக.

அதற்கு மேல் பட்டறை ஒரு மணி நேரம் நடந்தது. வந்த கடமைக்கு அவர் பாடம் எடுத்தார். பத்து நிமிடத்தில் ஒரு கதையின் முதல் பத்தியை எழுதுங்கள் என்றார். பேனாக்கள் நகர்ந்தன. கல்யாணசுந்தரி புது நோட்டைத் திறந்தாள். நாள் முழுக்க மருந்துச் சீட்டு படிக்கிற பழக்கம். கை அதுபாட்டுக்கு 1-0-1 என்று எழுதியது. காலை ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று. அதற்குக் கீழே எதுவும் வரவில்லை. நோட்டை மூடினாள்.

கிளம்பும்போது ஹேமசபேசன் பொதுவாகச் சொன்னார்: "இந்தத் தொகுப்ப வேற மாவட்டத்துக்கு மாத்திடறோம். உங்க மடல இனிமே எனக்கு அனுப்ப வேண்டாம்."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எலுமிச்சை சாதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். படிக்கட்டில் தில்லைநாதன் அவளிடம், "நல்லா சொன்னீங்கம்மா. அந்தக் காகித உருண்டை இருக்குதே, எங்களுக்கு யாருக்கும் தோணல பாருங்க!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்று மணி கடலூர் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து செந்தமிழ்செல்வன் ஏறி அவளுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தான். வண்டி ஊரைத் தாண்டும் வரை முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தான். ஆலப்பாக்கம் நெருங்கியபோது இரண்டு பக்கமும் முறிந்த மரங்கள் தெரிய ஆரம்பித்தன. அப்போதுதான் திரும்பினான்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா."

"ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. சுப்புராயன் அண்ணனுக்குப் பதினாலு கதை வந்துச்சா இல்லியா?"

அவன் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டினான்.

"ஒண்ணாவது வந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்ப எதுக்கு மடலுக்குக் கார்டு போட்டாரு?"

"அவரு போடல. யாருமே போடலக்கா. ஆரம்பத்துல பின்பக்கம் காலியாவே இருந்துச்சு. காலியா அனுப்பினா வட்டம் செத்துப்போச்சும்பாங்க. அதனால ஒரு மாசம் சுப்புராயன் பேர நானே எழுதிப் போட்டேன். திட்டுவாருன்னு பாத்தேன். அவரு ஐஸ் ஃபேக்டரி பூரா ஸ்வீட் குடுத்துட்டு வந்து என் கையப் புடிச்சுக்கிட்டாரு. அடுத்த மாசம் தில்லைநாதன். அதுக்கப்புறம் எல்லாரும் அவுங்கவுங்க மாசத்துக்குக் காத்துக்கினு இருந்தாங்க. பத்திரிகை பேரு, கதை பேரு, எல்லாம் நான்தான்."

கல்யாணசுந்தரி வெளியே பார்த்தாள். சாய்ந்த முந்திரி மரங்கள் வேர் தெரியப் படுத்திருந்தன. பதினோரு கதைகள் தண்ணீர் அடுப்பில் எரிந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்குக் குளிக்க வெந்நீர் சீக்கிரமாகவே காய்ந்துவிட்டது என்று நடராஜ் சொன்னான்.

"அதப் பாத்துத்தான் தம்பி நான் எழுதறத வுட்டேன்" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னுது நான் கார்டு போட்டேன்ல? ஜெராக்ஸ் கையில குடுத்தேன்ல?"

"குடுத்திருப்பீங்கக்கா. எனக்கு... ஞாபகம் இல்ல."

கண்டக்டர் விசிலடித்தார். யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். அவள் பையிலிருந்து உருண்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் குலுங்கியதில் ஓரம் கொஞ்சம் உதிர்ந்து புடவையில் மாவாக ஒட்டியது. 'ஒற்' போய்விட்டது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ அவருக்கு ஒரு போன் போடு தம்பி. மத்தவங்களுது எப்பிடியோ போவட்டும், கல்யாணசுந்தரி கதை மட்டும் நெசமா வந்ததுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். நீ சொன்னா நம்புவாரு."

செந்தமிழ்செல்வன் அவள் மடியைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அவரு எப்பிடிக்கா நம்புவாரு? உங்க பேரையும் நானாத்தான் எழுதிப் போட்டேன்னு, இப்ப இந்த பஸ்ல ஏறுற வரைக்கும் நானே நெனச்சுக்கினு இருந்தேன்."